பெங்களூர் சம்பளம் பெரிசுதான்... கையில் மிச்சம் எவ்வளவு?

"என்னண்ணே, பையனுக்குப் பெங்களூர்ல அம்பதாயிரம் சம்பளமாமே! அடிச்சான் பாருங்க யோகம்!"

வில்லிவாக்கம், வியாசர்பாடி, சைதாப்பேட்டை... எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. பையன் டிசைன் வேலை தெரிந்தவன். கல்யாணப் பத்திரிகையில் இருந்து செல்போன் ஆப் வரைக்கும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பவன். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. மாதம் பிறந்தால் கைக்கு ரூ.32 ஆயிரம் வருகிறது. இப்போது பெங்களூரில் இருந்து ஓலை வந்திருக்கிறது.

அப்பாவுக்குப் பெருமை. அக்கம்பக்கத்துக்குக் கொஞ்சம் பொறாமை. அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்கிறாள்.

"ஏண்டா கண்ணு, அங்க வூட்டு வாடகை எவ்ளோ? சோத்துக்கு என்னடா பண்ணுவ?"

அந்தக் கேள்வியை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் அங்கே பேசிய பேச்சிலேயே விவரமான பேச்சு அதுதான்!

ரூபாய்க்குச் சின்னம் போட்டவர்

டிசைன் வேலை என்றால் ஏதோ கலர் அடிக்கிற வேலை என்று நினைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சம்பளக் கவரில் தொகைக்கு முன்னால் நிற்கும் ரூபாய்ச் சின்னத்தைப் பாருங்கள். அதுவே ஒரு டிசைனர் வரைந்ததுதான். வரைந்தவர் தமிழர், உதயகுமார். மத்திய அரசு நடத்திய போட்டிக்கு வந்த 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னங்களில் இவருடையதை 2010 ஜூலை 15-ந் தேதி மத்திய மந்திரிசபை தேர்ந்தெடுத்தது. பரிசுத் தொகை ரூ.2½ லட்சம்.

அவர் கட்டிடக்கலை படித்தது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில். டிசைன் படித்தது பம்பாய் ஐ.ஐ.டி.யில். ஆசிரியர் வேலைக்குப் போனது அசாமில் உள்ள குவாஹாட்டி ஐ.ஐ.டி.க்கு. ஊர் விட்டு ஊர் போவது இந்தத் தொழிலில் புதிது இல்லை. போவது தப்பும் இல்லை.

கணக்குப் போடாமல் போவதுதான் தப்பு!

ஐம்பது எப்படி நாற்பத்தைந்து ஆகிறது?

முதலில் அந்த ஐம்பதாயிரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலைக்கு எடுக்கும்போது கம்பெனிக்காரர்கள் சொல்வது சம்பளம் இல்லை. 'சி.டி.சி.' என்று ஒன்று. அதாவது அந்த ஆளுக்காகக் கம்பெனிக்கு ஆகிற மொத்தச் செலவு. டீக்கடையில் பேசுவது இந்தத் தொகையைத்தான். பாங்குக்கு வருவது வேறு தொகை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மாதம் ரூ.50 ஆயிரம் என்று கடிதம் வருகிறது. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எப்.பில் கம்பெனி போடுகிற பங்கு ரூ.1,800. அது அந்த ஐம்பதுக்குள்ளேயே அடக்கம். வேலை பார்ப்பவர் பங்கு இன்னொரு ரூ.1,800. கிராஜுவிட்டி என்று ரூ.1,200. தொழில் வரி ரூ.200. ஆக மொத்தம் ரூ.5 ஆயிரம் போச்சு. கைக்கு வருவது ரூ.45 ஆயிரம்.

பி.எப். பணம் எங்கும் போகாது, பிற்பாடு கிடைக்கும். நல்லதுதான். ஆனால் கிராஜுவிட்டி? பொதுவாக ஒரே இடத்தில் 5 வருடம் இருந்தால்தான் அது கிடைக்கும். டிசைன் வேலையில் இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுவது சர்வ சாதாரணம். அப்படி மாறுகிறவர்கள் அந்தப் பணத்தைக் கண்ணால் காண்பதே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதையும் சேர்த்துத்தான் 'இவ்வளவு சம்பளம்' என்று கணக்குக் காட்டப்படுகிறது!

வில்லிவாக்கத்து வாலிபர்

இப்போது இரண்டு வாலிபர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. சென்னையில் கைக்கு ரூ.32 ஆயிரம். பெங்களூரில் கைக்கு ரூ.45 ஆயிரம். கீழே வருகிற தொகைகள் ஒரு மாதிரிக் கணக்குதான். அவரவர் தங்கள் செலவைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வாலிபர் வில்லிவாக்கத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறார். வீட்டுக்கு மாதம் ரூ.12 ஆயிரம் கொடுக்கிறார். எலெக்ட்ரிக் ரெயில் சீசன், பஸ், டீ, வெளியில் சாப்பிடுவது எல்லாம் சேர்ந்து ரூ.5 ஆயிரம். போன், துணிமணி ரூ.3 ஆயிரம். மிச்சம் ரூ.12 ஆயிரம்.

அவர் பெங்களூர் போகிறார். நண்பரோடு சேர்ந்து ரூ.26 ஆயிரம் வாடகையில் ஒரு வீடு. அவர் பங்கு ரூ.13 ஆயிரம். சாப்பாடு ரூ.9 ஆயிரம். ஆட்டோ, மெட்ரோ, பைக் டாக்சி ரூ.4,500. போன், துணி ரூ.3,500. மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்துபோக ரூ.2,500. ஆக ரூ.32,500. மிச்சம் ரூ.12,500.

"பரவாயில்லையே, இங்கே இருந்ததைவிட ஐந்நூறு ஜாஸ்திதானே?" என்று தோன்றும். பொறுங்கள்! வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ரூ.12 ஆயிரம் என்ன ஆச்சு? பையன் ஊரை விட்டுப் போய்விட்டான் என்று ரேஷன் கடை வரிசையோ, தங்கச்சி காலேஜ் பீஸோ நின்றுவிடுமா? "பெங்களூர்ல அம்பதாயிரம் வாங்குறான், பணம் அனுப்ப மாட்டானா?" என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். அதை அனுப்பிவிட்டால் கையில் நிற்பது ரூ.500.

சம்பளம் 13 ஆயிரம் கூடியது. மிச்சம் 12 ஆயிரத்தில் இருந்து 500 ஆகக் குறைந்தது. இதற்குப் பெயர் யோகமா?

அரியலூர் வாலிபர்

இரண்டாவது வாலிபர் கதை வேறு. அவர் அரியலூர் பக்கத்து கிராமம். அவருக்குச் சென்னையும் வெளியூர்தான். இங்கே அறை வாடகையில் அவர் பங்கு ரூ.8 ஆயிரம். மெஸ் சாப்பாடு ரூ.7 ஆயிரம். போக்குவரத்து ரூ.2,500. போன், துணி ரூ.3 ஆயிரம். ஊருக்குப் போய்வர ரூ.1,500. ஆக ரூ.22 ஆயிரம். மிச்சம் ரூ.10 ஆயிரம். அதைத்தான் ஊருக்கு அனுப்புகிறார்.

பெங்களூர் போனால் அவருக்கு மிச்சம் ரூ.12,500. சென்னையைவிட மாதம் ரூ.2,500 லாபம். வெளியூர் வாசம் என்பது அவருக்கு ஏற்கெனவே விதித்த விதி. எங்கே இருந்தாலும் வாடகை உண்டு, மெஸ் சாப்பாடு உண்டு. ஆகவே அவர் பெங்களூர் போனால் அதில் நியாயம் இருக்கிறது.

ஒரே வேலை. ஒரே சம்பளம். இரண்டு வீடு, இரண்டு பதில்! 'எந்த ஊரில் சம்பளம் ஜாஸ்தி?' என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. 'அந்த ஊரில் எனக்கு எவ்வளவு மிஞ்சும்?' என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சரிப்பட்டது தன் வீட்டுப் பையனுக்கும் சரிப்படும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அட்வான்ஸ் என்கிற பூதம்

அரியலூர் வாலிபரின் அந்த 2,500 ரூபாய் லாபத்தையும் விழுங்க ஒரு பூதம் காத்திருக்கிறது. அதன் பெயர் அட்வான்ஸ்.

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பெங்களூரில் பழைய வழக்கம். ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிற வீட்டுக்காரர்களும் உண்டு. பத்து மாதம் கேட்கிற வீட்டுக்காரரிடம் மாட்டினால் ரூ.26 ஆயிரம் வாடகை வீட்டுக்கு ரூ.2 லட்சத்து 60 ஆயிரம். இவர் பங்கு ரூ.1 லட்சத்து 30 ஆயிரம்.

வேலைக்குச் சேரப் போகிற வாலிபர் கையில் இவ்வளவு பணம் ஏது? ஊரில் யாரிடமாவது நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்குவார்கள். மாத வட்டி ரூ.2,600. லாபமோ ரூ.2,500. ஆகக் கூடி மாதம் 100 ரூபாய் நஷ்டத்தில் பெங்களூர் வாசம்! அசல் அப்படியே நிற்கும். வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று அட்வான்சில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் அங்கே சகஜம்.

தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. 'வேறுவிதமாக ஒப்பந்தம்' என்ற அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டமோ, குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதம் போதும் என்கிறது. மாதிரிச் சட்டம் மாதிரியாகவே இருந்தால் வாடகைக்கு இருப்பவனுக்கு என்ன லாபம்?

பெண்கள் கணக்கு தனி

டிசைன் படிப்பில் பெண்கள் நிறையப் பேர் சேருகிறார்கள். அவர்களுடைய கணக்கு இன்னும் இறுக்கம்.

ஆண்பிள்ளை நான்கு பேரோடு ஒரு அறையில் பாயைப் போட்டுப் படுத்துவிடுவான். பெண்ணுக்குப் பாதுகாப்பான விடுதி வேண்டும். ஆபீசுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியாது என்றால் டாக்சி பிடிக்க வேண்டும். ஒரே சம்பளத்தில் அவளுக்கு மிச்சம் இன்னும் குறைவு.

சென்னையில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021 மே மாதம் வந்தது. கர்நாடகத்தில் 'சக்தி' என்ற பெயரில் இதே மாதிரித் திட்டம் 2023 ஜூனில் வந்தது. ஆனால் அது அந்த மாநிலப் பெண்களுக்கு. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். ஆதார் கார்டில் சைதாப்பேட்டை முகவரி இருக்கிற பெண் டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும். பெங்களூர் மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணத்தை 2025 பிப்ரவரியில் 60 ரூபாயில் இருந்து 90 ரூபாய் ஆக்கினார்கள். சென்னை எலெக்ட்ரிக் ரெயில் போல 5 ரூபாய் டிக்கெட்டில் ஏறி உட்கார அங்கே புறநகர் ரெயில் பாதை இன்னும் கட்டி முடிந்தபாடில்லை.

மும்பை என்றால் சும்மாவா?

விளம்பரக் கம்பெனிகளுக்கு மும்பைதான் பழைய தலைநகரம். பெரிய சோப்பு, பெரிய பிஸ்கட், பெரிய பாங்கு எல்லாவற்றின் விளம்பரமும் அங்கேதான் முடிவாகும். ஒரு டிசைனர் அங்கே மூன்று வருடம் இருந்தால் கற்றுக்கொள்வது கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனால் தங்க இடம்? ஆபீஸ் நகரத்துக்குள். குடியிருப்பு தானே, கல்யாண், விரார் என்று எங்கோ. லோக்கல் ரெயிலில் தொங்கிக்கொண்டு போகவேண்டும். வீடு என்பது 11 மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம். முடிந்தால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். இல்லையென்றால் மறுபடி வீடு தேடல், மறுபடி புரோக்கர் கமிஷன், மறுபடி மூட்டை முடிச்சு. ஊரில் ஒரு சாவு என்றால்கூடச் சென்னைக்கு வர ரெயிலில் ஒரு நாள் முழுக்க ஆகிவிடும்.

மாதுங்காவிலும் தாராவியிலும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அங்கே ஒரு மாமா வீடு, சித்தப்பா வீடு இருக்கிறவர்களுக்கு மும்பை கொஞ்சம் மலிவு. யாரும் இல்லாதவர்களுக்கு மும்பை மும்பைதான்!

சர்க்கார் குமாஸ்தாவுக்கு ஒரு நீதி

மத்திய சர்க்காரில் வேலை பார்க்கும் குமாஸ்தாவைப் பாருங்கள். அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அதற்கு ஏற்ற வீட்டு வாடகைப்படி. நகரங்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் பஞ்சப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது, அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 சதவீதம் என்று வீட்டு வாடகைப்படி உயர்ந்தது. சென்னைக்கு 30. கோவை, மதுரை, சேலம், திருச்சிக்கு 20. சின்ன ஊர்களுக்கு 10. மாற்றல் ஆனால் படியும் மாறும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. இந்தப் பிரிவு மக்கள்தொகையை வைத்துப் போட்டது. 50 லட்சத்துக்கு மேல் என்றால் எல்லாம் ஒரே வகை. ஆகவே சர்க்கார் கணக்கில் மும்பையும் சென்னையும் ஒன்றுதான்! மும்பை வாடகை கொடுக்கிற குமாஸ்தாவைக் கேட்டால் அவர் வேறு கதை சொல்வார். ஆனாலும் 'ஊருக்கு ஊர் செலவு வேறு' என்ற ஒரு தத்துவத்தையாவது சர்க்கார் ஒப்புக்கொண்டிருக்கிறது. தனியார் கம்பெனியில் டிசைன் வேலை பார்ப்பவருக்கு அதுவும் இல்லை. ஒரே ஒரு தொகை. அதற்குள் அவர் பாடு!

வருமான வரியில் பார்த்தாலும் இதே கதை. 1962-ம் ஆண்டு வருமான வரி விதிகளில், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைக் கழிவு உண்டு. அதில் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்குக்கு 50 சதவீதம் உச்சவரம்பு. மற்ற ஊர்களுக்கு 40 என்று வைத்திருந்தார்கள். வாடகைக்குப் பேர்போன பெங்களூர் அந்த நால்வரில் இல்லை! புதிய வரி முறையிலோ அந்தக் கழிவே கிடையாது. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, புதிய முறையில் மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 12¾ லட்சம் வரை வரி இல்லை. அதனால் ஆரம்பகட்ட டிசைனருக்குக் கவலை இல்லை. அதற்கு மேலே வாங்கும் பெரிய டிசைனருக்கு, சொந்த வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான், மும்பையில் அரை லட்சம் வாடகை கொடுத்தாலும் ஒன்றுதான். வரி ஒரே வரி.

"விலைவாசிக் குறியீட்டு எண்ணைப் பார்த்து ஊருக்கு ஊர் ஒப்பிடலாமே?" என்று குமாஸ்தா நண்பர்கள் கேட்கலாம். சிம்லாவில் இருக்கிற தொழிலாளர் பணியகம் 88 ஊர்களுக்கு இந்த எண்ணை வெளியிடுகிறது. சென்னையும் உண்டு, பெங்களூரும் உண்டு. ஆனால் அது ஒவ்வொரு ஊரையும் 2016-ல் இருந்த அதே ஊரோடு ஒப்பிடுகிற எண். 2016-ல் எல்லா ஊருக்கும் 100 என்று வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு ஊரில் விலை எவ்வளவு வேகமாக ஏறியது என்று சொல்லும். எந்த ஊர் மலிவு என்று சொல்லாது. தெரியாமல் இதை வைத்து ஊரை எடை போடுகிறவர்கள் நிறைய.

"டிசைன் ஃப்ரீதானே அண்ணே?"

சரி, பெங்களூர் கம்பெனி எப்படிக் கூடக் கொடுக்கிறது? பெங்களூர்க் காற்றில் பணம் காய்க்கிறதா?

இல்லை. அங்கே டிசைனரை வேலைக்கு வைப்பது பெரும்பாலும் சாப்ட்வேர் கம்பெனி. டாலரில் பில் போடுகிற கம்பெனி. பழைய மகாபலிபுரம் ரோட்டில் அதே மாதிரிக் கம்பெனியில் இருக்கிற சென்னை டிசைனர், பெங்களூர்க்காரருக்கு ரொம்பப் பின்தங்கி இல்லை. ராயப்பேட்டையில், திருவல்லிக்கேணியில், பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அச்சுக்கூடத்திலும் டி.டி.பி. கடையிலும் வேலை பார்க்கிறாரே, அவர்தான் பின்தங்கி நிற்கிறார். ஊர் வித்தியாசம் என்று சொல்வதில் பாதி, தொழில் வித்தியாசம்!

அந்த டி.டி.பி. கடையில் நடப்பதைப் பாருங்கள். கடைக்காரர் ஒருவர் வருகிறார். ஆயிரம் நோட்டீஸ் வேண்டும். காகிதத்துக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு என்று பேரம் பேசுகிறார். கடைசியில் கேட்கிறார்.

"டிசைன் ஃப்ரீதானே அண்ணே?"

"ஆமாண்ணே, பிரின்டிங் இங்கதானே குடுக்குறீங்க..."

டிசைன் இலவசம்! ஆனால் அதற்குப் பிறகு நாலு தடவை மாற்றச் சொல்வார். "கலரைக் கொஞ்சம் தூக்குங்க, போன் நம்பரைப் பெரிசாப் போடுங்க, மச்சான் போட்டோவையும் ஒரு ஓரமா வைங்க..." உட்கார்ந்து செய்கிற பையனுக்கு இதற்கெல்லாம் தனிக் கூலி இல்லை. பில்லில் இல்லாத வேலைக்குச் சம்பளம் எங்கே இருந்து உயரும்? காகிதத்துக்குக் காசு கொடுக்கிற கை, மூளைக்குக் காசு கொடுக்க மறுக்கிறது. அந்தப் பையன் ஒருநாள் பெங்களூர் பஸ் ஏறினால் கடைக்காரர்தான், "இப்பல்லாம் நல்ல ஆளே கிடைக்கறதில்லை சார்" என்று அலுத்துக்கொள்கிறார்.

கோவில்பட்டி காட்டிய வழி

ஊரிலேயே உட்கார்ந்து நாட்டுக்கே படம் வரைந்து கொடுத்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறார்கள்.

கொண்டையராஜூ என்ற ஓவியர். 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர், கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும், டி.எஸ்.சுப்பையா, எம்.ராமலிங்கம் போன்ற சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சரஸ்வதியும் பக்கத்தில் இருக்கும் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக நாடெங்கும் வீட்டுச் சுவரில் தொங்கின. அச்சு இயந்திரம் பக்கத்து ஊரில் இருந்தது. பட்டணத்துக்கு வந்து வாடகை கொடுக்காமலேயே பட்டணத்துக்கு வேலை செய்தார்கள்.

1966-ல் கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சிலர் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் ஓவியம் வரைந்தார்கள். அவர்களும் முதலில் தீர்த்துக்கொண்டது வீட்டுச் செலவுப் பிரச்சினையைத்தான்.

இப்போது இன்டர்நெட் இருக்கிறது. தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி ஆபீஸ் வைத்திருக்கிறது. 2020 கொரோனா காலத்தில் எத்தனையோ டிசைனர்கள் சொந்த ஊர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வேலை செய்து அனுப்பினார்கள். வேலை எதுவும் நின்றுபோய்விடவில்லை.

ஊருக்குப் போனால் சம்பளத்தில் வெட்டா?

இங்கேதான் கம்பெனிகள் ஒரு புதுக் கணக்கைக் கொண்டுவந்தன. "நீ சொந்த ஊரில் இருந்து வேலை பார்க்கிறாயா? அங்கே செலவு குறைவுதானே? சம்பளத்தையும் குறைத்துக்கொள்." அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் சில 2020, 2021-ல் இதை வெளிப்படையாகவே அறிவித்தன. இங்கேயும் அதே பேச்சு கேட்கிறது.

இது என்ன நியாயம்? மும்பைக்குப் போகிறபோது, "அங்கே வாடகை ஜாஸ்தி, சேர்த்துக் கொடுங்கள்" என்றால், "வேலைக்குத்தான் சம்பளம், உன் வாடகைக்கு இல்லை" என்கிறார்கள். ஊருக்குத் திரும்பினால், "உனக்குத்தான் வாடகை இல்லையே" என்கிறார்கள். தலை விழுந்தாலும் கம்பெனிக்கு, பூ விழுந்தாலும் கம்பெனிக்கு!

திருநெல்வேலியில் உட்கார்ந்து வரைந்தால் கோடு கோணலாகவா போகும்? வாடிக்கையாளருக்குப் போடுகிற பில்லில் கம்பெனி தள்ளுபடி கொடுக்கிறதா? பில் குறையாதபோது கூலி மட்டும் ஏன் குறைய வேண்டும்?

கம்பெனிக்காரர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். "பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால்தான் புது ஆள் தேறுவான். ஊரில் இருந்தால் எப்படிக் கற்றுக்கொள்வான்?" என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. நல்ல மூத்த டிசைனர் பக்கத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்தால் வருகிற தேர்ச்சி, தனியாக ஐந்து வருடம் முட்டிமோதினாலும் வராது. பெங்களூருக்கும் மும்பைக்கும் போவதற்கு உருப்படியான காரணம் இதுதான். சம்பளத்தொகை இரண்டாவது காரணம்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

கம்பெனிகள் வேலைக் கடிதத்தில் சி.டி.சி.க்குப் பக்கத்திலேயே 'மாதம் கைக்கு வருவது இவ்வளவு' என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும். வெளியூரில் இருந்து ஆளை வரவழைத்தால், வீட்டு அட்வான்சுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம். கம்பெனிக்கு இது சுண்டைக்காய். இரண்டு வட்டிக்கு அலைகிற குடும்பத்துக்கோ உயிர். வேலைக்குத்தான் கூலி என்றால், எந்த ஊரில் செய்தாலும் அதே கூலி என்று நிற்க வேண்டும்.

கடைக்காரர்கள் டிசைனுக்குத் தனியாக ஒரு தொகை கொடுக்கப் பழக வேண்டும். அச்சக முதலாளிகளும் பில்லில் அதற்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும். நூறோ இருநூறோ, அந்த வரி பில்லில் ஏறினால்தான் அந்தப் பையன் சம்பளமும் ஏறும். அவன் இந்த ஊரில் நிற்பான்.

வாலிபர்கள் போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் யாரிடம் வேலை கற்கப் போகிறோம், எத்தனை வருடம் இருக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு போக வேண்டும். இரண்டு வருடம் என்று போய்ப் பத்து வருடம் வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவர்கள் அங்கே ஏராளம். வில்லிவாக்கத்து வாலிபர், 'மாதம் 11,500 ரூபாய் குறைகிறது, அது நான் கட்டுகிற படிப்புக் கட்டணம்' என்று தெரிந்து போனால் அவர் கெட்டிக்காரர். 'ஐம்பதாயிரம் கிடைக்கிறது' என்று மட்டும் நினைத்துப் போனால் மூன்றாம் மாதமே கடன்காரர்.

பெற்றோர்களும் டீக்கடைப் பெருமைக்காகப் பிள்ளையைப் பிடித்துத் தள்ள வேண்டாம். பயந்துகொண்டு பிடித்து வைக்கவும் வேண்டாம். சுவரில் தொங்குகிற சிவகாசி தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். வாடகை, சாப்பாடு, பஸ், ஊருக்கு வர, வீட்டுக்கு அனுப்ப, அட்வான்ஸ் வட்டி... ஆறு வரி. கைக்கு வருகிற தொகையில் இருந்து கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

"சோத்துக்கு என்னடா பண்ணுவ?" என்று கேட்ட அந்த அம்மாவிடமே பென்சிலைக் கொடுக்கலாம். முப்பது வருடமாக ஒரு சம்பளத்தில் ஒரு வீட்டை ஓட்டியவளுக்குத் தெரியாத கணக்கா?